இரட்டைப் பிடில்

நமக்காகச் செய்ததில்லை இது, ஒட்டிலியே.
நமக்கு முன்னால் எத்தனையோ கழுத்துகள்.
என் பக்கத்து ஓட்டையின் விளிம்பு
வெண்ணெய் கடையும் மத்தின் பிடிபோல
வழுவழுவென்றிருந்தது.
எத்தனை பெண்களின் வியர்வை
இந்த ஓக் பலகையை இழைத்திருக்கும் என்று
எண்ணத் தொடங்கினேன்.
அதற்குள் காவலன் வென்டெலின்
பூட்டைப் பூட்டி
சாவியை இடுப்பில் செருகிக்கொண்டான்.

உன் மூக்குக்கும் என் மூக்குக்கும் நடுவே
ஒன்றரைச் சாண்.
பிடில் என்று பெயர், நரம்பு கிடையாது.
அடியில் ஒரு மணி தொங்கும், நாம் நடந்தால் அது பாடும்.
நீ முன்னே வைத்தால் நான் பின்னே வைக்க வேண்டும்.
பதினாறு வருஷம் சுவரோடு சுவராகக் குடியிருந்து
நாம் சேர்ந்து எடுத்து வைத்த முதல் அடி
அதுதான்.

என்ன வழக்கு?
ஒரு கிண்ணம் புளித்த மாவு.
செத்த மாவைத் திருப்பித் தந்தாய் என்றேன்.
செத்தது மாவில்லை, உன் கட்டில் என்றாய்.
அதற்கு நான் சொன்னதை
சபை எழுத்தர் எழுத மறுத்துவிட்டு
'தகாத சொல்' என்று மட்டும் குறித்துக்கொண்டார்.
எனக்கு அதில் இன்னும் வருத்தம்தான்.
நல்ல சொல் அது.

அதே வாரம்
உன் யோப்ஸ்டும் தோல் பதனிடும் ஃபைட்டும்
'கறுப்புக் கரடி'யில் கட்டிப் புரண்டார்கள்.
சேதம்: ஒரு பல், அரைக் காது.
தண்டம்: ஒரு பீப்பாய் திராட்சை மது.
சபையார் ஒன்பது பேரும்
தண்டத்தை உட்கார்ந்து குடித்தார்கள்,
கட்டியவர்களையும் கூப்பிட்டு.
ஆண்கள் அடித்துக்கொண்டால் ஊருக்குத் தாகம் தீர்கிறது.
பெண்கள் பேசினால்
ஊருக்குப் பொழுது போகிறது.

மிக்கேல் சந்தை.
மைன் ஆற்றுப் படகெல்லாம் கரையில்.
உரக்கச் சிரித்தவள் மீன்காரி கெர்ட்ராவுட்,
போன தவக்காலத்துக்கு முன்
இதே ஓட்டையில் இருந்தவள்.
அன்றைக்கு நானும் சிரித்தேன்.
முட்டைக்கோசுத் தண்டு ஒன்று எறிந்ததாகக்கூட ஞாபகம்.
ஞாபகம் என்ன ஞாபகம்,
எறிந்தேன்.

அவமானப்பட்ட முகத்தில் ஈயாடாது என்பார்கள்.
பொய்.
கசாப்புக் கடை ஈ ஒன்று
உன் இடது கண்ணோரம் உட்கார்ந்து
நிதானமாகக் கை தேய்த்துக்கொண்டது.
உன் கைகள் பலகைக்குள்.
மணிக்கட்டுக்கும் ஓட்டை வைத்திருந்தான் தச்சன்.
நீ இமைத்தாய்.
போனது, வந்தது.
நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.
உண்மையைச் சொன்னால் கொஞ்ச நேரம் ரசித்தேன்.
அப்புறம்
உதட்டைக் குவித்து
அடுப்பை ஊதுவதுபோல ஊதினேன்.

நான் உன்மேல் துப்பினேன் என்று நினைத்து
கூட்டம் கைதட்டியது.
வென்டெலின் கோலால் என் முதுகில் ஒன்று வைத்தான்.
நீ எதுவும் சொல்லவில்லை.
ஈ என் புருவத்துக்கு வந்தது.
நீ ஊதினாய்.
வெங்காய வாசனை.
கோவில் மணி மூன்று அடிக்கும்வரை
அந்த ஒரே ஈயை
நாம் கடன் கொடுத்துத்
திருப்பி வாங்கிக்கொண்டிருந்தோம்.
உயிரோடுதான் திருப்பித் தந்தாய், ஒவ்வொரு தடவையும்.

மன்னிப்புக் கேட்டால் திறப்போம் என்றார்கள்.
கேட்டோம்.
சொல்லித் தந்த வார்த்தைகளை
சொல்லித் தந்த வரிசையில்.
'சமாதானம்' என்று எழுத்தர் எழுதிக்கொண்டார்,
அந்தச் சொல்லை எழுத அவருக்குக் கூச்சமில்லை.
பூட்டு விழுந்த பிறகும்
நம் தலைகள் கொஞ்ச நேரம் அப்படியே நின்றன.
பிறகு நீ தெருவின் அந்த ஓரம், நான் இந்த ஓரம்.

இன்று ராத்திரி
சன்னலைச் சாத்திவிட்டுச்
சுவரோடு வாய் வைத்து மெதுவாகச் சொல்கிறேன்:
அந்த மாவு செத்துத்தான் போயிருந்தது, ஒட்டிலியே.

மறுப்பு இருந்தால்
சுவரைத் தட்டு.